ஆள் எண்ணிய மூன்று நாட்கள்

குறிஞ்சாக்கேணி
12.06.2025

மச்சான் கலீலுர் றஹ்மானுக்கு,

ஸலாம். சுகம் விசாரிக்க எழுதவில்லை. மூன்று வருடமாக விசாரிக்காத சுகத்தை இன்றைக்கு விசாரித்து என்ன ஆகப் போகிறது. நீ என் மனைவியின் தம்பி. ஆமினா மவுத்தாகிப் போனாலும் அந்த உறவு மாறாது என்பதால்தான் மச்சான் என்று எழுதச் சொன்னேன். வேறு ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே.

எழுதுவது பக்கத்து வீட்டு லாபிர் மாஸ்டர். எழுதி முடித்ததும் மகள் நஸ்ரினிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். மாஸ்டர் கூட்டிக் குறைத்து எழுதினால் பிடிபடுவார். இதைச் சொன்னதும் மாஸ்டரின் முகம் கோணிவிட்டது. கோணட்டும்.

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் நாளைக்கு, "நான் அப்பிடிச் சொல்லயில்லையே மச்சான்" என்று நிற்பாய். கடுதாசியில் சொன்னால் உன் கையெழுத்து என்னிடம் இருக்கும்.

விஷயம் இதுதான். போன திங்கட்கிழமை எங்கள் சந்திக்குப் பிராந்தியப் போக்குவரத்து அதிகாரசபையின் வாகனம் வந்தது. ஒரு பெண் அதிகாரி இறங்கினாள். பஸ் தரிப்பிடத்தில் அறிவித்தல் ஒட்டினார்கள். அவர்களோடு நீயும் நின்றாய், வெள்ளைச் சேட்டு, புதுச் செருப்பு. நான் பள்ளிவாசல் மதிலோரம் நின்றேன். நீ என்னைக் கண்டாய். கண்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய். ஊத்தை இல்லாத கண்ணாடியை எவ்வளவு நேரம் துடைக்கலாம்?

அந்த அறிவித்தலை மாஸ்டர் வாசித்துச் சொன்னார். அரசாங்க பஸ், தனியார் பஸ் எல்லாவற்றையும் ஒரே நேரசூசிக்குள் கொண்டுவரப் போகிறார்களாம். அதற்கு முன்னம் ஒவ்வொரு பஸ்ஸிலும் ஆள் எண்ணப் போகிறார்களாம். நல்லது. ஆனால் அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? எங்கள் காலை பஸ் புறப்படும் நேரம், மிதிபலகையில் தொங்கிய பொடியன்களைப் போனில் படம் எடுத்தாள். நடுவில் அடுக்கியிருந்த தயிர்ச் சட்டிகளைப் படம் எடுத்தாள். சாரதி இராகுலனிடம், "ஏன் அண்ணை இப்பிடி ஏத்துறியள்?" என்று கேட்டாள். அவன் முகம் கறுத்துப் போயிற்று.

உனக்குத் தெரியாதது இல்லை. சுபஹ் தொழுகை முடிந்த கையோடு இந்தச் சந்தியிலிருந்து நகரத்துக்குப் போவது அந்த அரசாங்க பஸ் ஒன்றுதான். அதை இந்த ஊருக்குக் கொண்டுவரக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியவன் நான். அது ஓடினால்தான் நஸ்ரின் பெரியாஸ்பத்திரியில் காலை வேலைக்கு நேரத்துக்குப் போக ஏலும். புருஷன் விட்டுவிட்டுப் போனபிறகு அவளுடைய சம்பளத்தில்தான் அவளும் இரண்டு பிள்ளைகளும் நானும் சாப்பிடுகிறோம். கொந்தராத்து வேலை. பிந்தினால் வேறு ஆளைப் போடுவார்கள்.

ஆகவே நேரடியாகக் கேட்கிறேன். அந்த பஸ்ஸை நிறுத்தப் போகிறீர்களா? அது நின்றால் கிண்ணியாவிலிருந்து புறப்படுகிற யாருடைய பஸ்ஸில் ஆட்கள் ஏறுவார்கள் என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

ஸைனுலாப்தீன்
(பெருவிரல் வைத்திருக்கிறேன்)


திருகோணமலை
20.06.2025

மச்சான் அவர்களுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தை இராகுலன் பஸ் நிலையத்தில் வைத்துத் தந்தான். "ஸைனுலாப்தீன் காக்கா கையில குடுக்கச் சொன்னவர். கிழிச்சுப் பாக்கல்ல எண்டு சத்தியமும் வாங்கினவர்" என்றான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கேட்டதற்குப் பதில்: அந்த பஸ்ஸை நிறுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. நான் அந்தக் குழுவில் தனியார் பஸ் உரிமையாளர்களின் பிரதிநிதி. அவ்வளவுதான். நேரசூசியை நான் போடுவதில்லை. படம் எடுத்த அந்தப் பிள்ளையின் பெயர் நிரோஷினி, திட்டமிடல் அதிகாரி. அவள்தான் போடுகிறாள்.

இப்போது நடக்கிற கூத்து உங்களுக்கும் தெரியும். நகரத்து பஸ் நிலையத்திலிருந்து அரசாங்க பஸ்ஸும் என் பஸ்ஸும் ஒரே நேரத்தில் புறப்படும். சீனக்குடா வரைக்கும் இரண்டும் ஓட்டப்போட்டி. ஒரே ஆட்களுக்காகச் சாரதிகள் தெருவில் இறங்கி அடிபடுவார்கள். பிறகு நெடுநேரம் ஒன்றுமே வராது. தம்பலகாமத்திலிருந்து வருகிறவன் சந்தியில் இறங்கும்போது கிண்ணியா பஸ்ஸின் பின்பக்கத்தைத்தான் காண்பான். இதையெல்லாம் ஒரு கை பிடித்து ஒழுங்கு செய்ய வேண்டும் என்றுதான் அதிகாரசபை முனைகிறது. ஒரு பஸ் வந்து சேர மற்றது புறப்பட வேண்டும். அதற்கு எந்த நேரம், எந்த இடத்தில், எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று தெரிய வேண்டும். ஆள் கூடிய இடத்துக்கு பஸ் கூடும். வேறு மர்மம் இல்லை.

சொல்லக் கூடாத ஒன்றையும் சொல்கிறேன். ஜூலை 15, 16, 17 ஆகிய மூன்று நாட்களும் உங்கள் பக்கத்தில் எண்ணுவார்கள். அந்த நாட்களில் ஒருவர் தவறாமல் வழமைபோல் ஏறட்டும். இந்தத் தேதிகள் என் வாயிலிருந்து வந்ததாக ஒருவருக்கும் சொல்ல வேண்டாம்.

கண்ணாடி துடைத்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஓம், துடைத்தேன். என்ன சொல்லிக்கொண்டு உங்கள் பக்கத்தில் வருவது? என் ராத்தாவின் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை. இங்குள்ள சொந்தக்காரர் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு நான் வந்து சேரும்போது மையவாடியிலிருந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "பஸ் ஓடி முடிஞ்சுதா?" அதை நான் இன்னும் விழுங்கவில்லை.

கலீலுர் றஹ்மான்


குறிஞ்சாக்கேணி
04.07.2025

மச்சானுக்கு,

ஸலாம். ஆமினாவை அஸருக்கு முன்னம் அடக்கிவிட வேண்டும் என்று பள்ளியில் சொன்னார்கள். மழையும் இருட்டிக்கொண்டு வந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை.

உன் கடிதத்தை மாஸ்டர் இரண்டு தரம் வாசித்தார், நஸ்ரின் ஒரு தரம் வாசித்தாள். மூன்று தரமும் ஒரே இடத்தில்தான் எனக்கு இடறியது. சொல்லக் கூடாத தேதியை நீ ஏன் எனக்குச் சொன்னாய்? ஒருவர் தவறாமல் ஏறட்டும் என்று ஏன் அவ்வளவு அக்கறை?

எண்ணுகிறவர்களை எனக்குத் தெரியும். பாலம் போடுவதற்கு முன்னம், கிண்ணியாத் துறையில் பாதைத் தோணியில் ஏறித்தானே நாங்கள் அக்கரை போனோம். பிரச்சினைக் காலத்தில் ஆமி எண்ணும், ஏறும்போது ஒரு எண்ணிக்கை, இறங்கும்போது ஒரு எண்ணிக்கை. ஒருநாள் இரண்டும் பொருந்தவில்லை. எண்ணினவன் பிழை விட்டான். ஆனால் பொழுதுபடும் வரைக்கும் வெயிலில் குந்தியிருந்தது நாங்கள். சுனாமிக்குப் பிறகு ஒருவன் வந்து வீட்டுக் கதவுகளில் சோக்கட்டியால் எழுதி எண்ணினான். கதவு நின்றதால், அந்த வீட்டுக்காரருக்கு ஒன்றும் இல்லை என்று போனான். கதவு மட்டும்தான் நின்றது, மச்சான், பின்னால் வீடு இல்லை. என் ஆயுசில் எண்ண வந்த எவனும் எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனதில்லை. எடுத்துக்கொண்டுதான் போனான்.

நீ மட்டும் என்ன. உனக்குச் சுன்னத்துச் செய்த அன்று கத்தியோடு ஒஸ்தா மாமா வந்து, "எங்க மாப்பிள்ளை?" என்று கேட்க, நீ அலுமாரிக்குள் ராத்தாவின் சேலைகளுக்கு நடுவில் ஒளித்திருந்தாய். காலில் பிடித்து இழுத்து எடுத்தது நான். அப்போது மட்டும் உனக்குத் தெரிந்திருந்தது, உன்னைத் தேடி வருகிறவன் எதற்கு வருகிறான் என்று.

இராகுலனிடமும் கேட்டேன். அவன் சொன்னான்: "காக்கா, போன மாசம் வேற றூட்டில ஒருத்தன்ட பஸ்ஸ இப்பிடித்தான் படம் எடுத்தவங்கள். ஓவர்லோட் எண்டு எழுதி அவனைத் தூக்கி எங்கயோ போட்டாங்கள். என்னையும் தூக்கினா இந்த ரோட்டுக்கு வேற ஆர் வருவான்?" நல்ல பிள்ளை. ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவிகளைக் கையைப் பிடித்து ஏற்றுகிறவன். அவனுக்கு ஒரு கறுப்புப் புள்ளி விழ விடமாட்டேன்.

ஆகவே நீ கவலைப்படாதே. அந்த மூன்று நாட்களும் எங்கள் பஸ்ஸில் ஒருவனும் ஒரு குறை பிடிக்க ஏலாது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். எப்படி என்று கேட்காதே. கேட்டால் எங்கே கொண்டுபோய்ச் சொல்லுவாயோ.

ஸைனுலாப்தீன்


திருகோணமலை
30.07.2025

மச்சான் அவர்களுக்கு,

ஸலாம். இந்தக் கடிதத்தை இருந்து நிதானமாகக் கேளுங்கள்.

நேற்று அதிகாரசபையில் கூட்டம் நடந்தது. எண்ணின கணக்கைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார்கள். மூதூர்ப் பக்கம், தம்பலகாமம் பக்கம் எல்லாம் ஆள் நிரம்பி வழிகிறது. உங்கள் சந்தியில் மட்டும், மூன்று நாளும், ஒரு வேனுக்குள் அடங்கக்கூடிய ஆட்கள்தான். ஒரு சட்டி தயிர்கூட இல்லை. எனக்குக் கண் கூசிப் போயிற்று.

"இவ்வளவு ஆளுக்கு ஒரு முழு பஸ் அதிகம்" என்று முடிவு எடுத்துவிட்டார்கள். செப்டம்பர் முதலாம் தேதியிலிருந்து அந்தக் காலை பஸ் கிண்ணியாவிலிருந்துதான் புறப்படும். உங்கள் சந்திக்கு வெயில் ஏறினபிறகு ஒரு பஸ் வரும்.

நான் எழும்பி, "இது பிழை, அந்த பஸ்ஸில கால் வைக்க இடம் இருக்காது" என்றேன். பின்வரிசையில் ஒருவர் சொன்னார்: "அரசாங்க பஸ்ஸுக்காகத் தனியார் முதலாளி அழுறார். இதில என்னமோ இருக்கு." எல்லாரும் சிரித்தார்கள். நிரோஷினி மட்டும் சிரிக்காமல் கேட்டாள், "அப்ப ஆக்கள் எங்க போனவை ஐயா?" என்று.

இப்போது நான் உங்களிடம் கேட்கிறேன். ஆட்கள் எங்கே போனார்கள்?

கலீலுர் றஹ்மான்


குறிஞ்சாக்கேணி
04.08.2025

ஜனாப் கலீலுர் றஹ்மான் அவர்களுக்கு,

தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. தங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். செப்டம்பரிலிருந்து இந்த ஊர் முழுக்கத் தங்களுடைய பஸ்ஸின் பின்னால் ஓடி வரும்.

ஆட்கள் எங்கே போனார்கள் என்று என்னைக் கேட்கிறீர்கள். நல்ல நடிப்பு. நாங்கள் என்ன குறை வைத்தோம்? அந்த பஸ்ஸை மாப்பிள்ளையைப் போல ஆயத்தப்படுத்தி அனுப்பினோம். முதல் நாள் இரவே இராகுலன் கழுவித் துடைத்து வைத்தான். தயிர்க்காரர்களை நான் ட்ரக்டரில் போகச் சொன்னேன். மீன் பெட்டிகள் லொறியில் போயின. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஆட்டோக்களில் பிரித்து அனுப்பினோம். கிளினிக் போகிற நோயாளிகளை அடுத்த கிழமை போகச் சொல்லி வீடு வீடாகச் சொன்னேன். மாஸ்டரும் ட்ரக்டரில்தான் போனார், இடுப்பு இன்னும் நோகிறது என்கிறார். நஸ்ரினைக்கூட ஆட்டோவில்தான் அனுப்பினேன். பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லாரும் சீற்றில் இருந்து போனார்கள். மிதிபலகையில் ஒரு கால் இல்லை. சத்தம் இல்லை, சண்டை இல்லை. எண்ண வந்த பொடியனுக்கு இருக்க இடம் கொடுத்து, தேத்தண்ணியும் கொடுத்தோம்.

இப்படி ஒரு ஒழுங்கான பஸ்ஸை நிறுத்த யாருக்காவது மனம் வருமா? வராது. அப்படியென்றால் யாரோ ஏதோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அந்த மண்டபத்தில் எங்கள் ஊரைத் தெரிந்தவர் தாங்கள் ஒருவர்தான்.

நஸ்ரினின் மேற்பார்வையாளர், "செப்டம்பருக்குப் பிறகு எப்பிடி வரப்போறீங்க?" என்று இப்போதே கேட்டுவிட்டாராம். அவள் இதை என்னிடம் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குச் சோறு போடும்போது தனக்குள் சொல்லிக்கொண்டாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

தாங்கள் இனி எழுதத் தேவையில்லை.

ஸைனுலாப்தீன்


திருகோணமலை
09.08.2025

மச்சான்,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு நடு வீட்டில் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். என் வீட்டுக்காரி பஹ்மியா குசினியிலிருந்து ஓடி வந்து, "என்ன, பிறஷர் ஏறிட்டா?" என்றாள். கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "அட அல்லாஹ், மச்சானே பஸ்ஸ நிப்பாட்டிப் போட்டார்!" என்றாள். அவள் ஒரு வரியில் சொன்னதைத்தான் நான் இப்போது பக்கம் பக்கமாக எழுதப் போகிறேன்.

அவர்கள் குறை பிடிக்க வரவில்லை, மச்சான். தேவையைப் பார்க்க வந்தார்கள். மிதிபலகையில் தொங்குகிற கால்தான் அவர்களுக்குச் சாட்சி. நடுவில் அடுக்கிய தயிர்ச் சட்டிதான் சாட்சி. அந்தப் பிள்ளை படம் எடுத்தது, "இங்கே இன்னொரு பஸ் வேண்டும்" என்று மேலே காட்டுவதற்கு. அதை நான் அவளிடமே கேட்டேன். நீங்கள் நெரிசலை ஒளித்துவிட்டு, வெறும் பஸ்ஸைக் கழுவி அனுப்பியிருக்கிறீர்கள். ஊரே சேர்ந்து தன் பஸ்ஸைத் தானே வேண்டாம் என்று சொன்ன மாதிரி.

நான் கோபமாக எழுதவில்லை. இல்லை, கோபமாகத்தான் எழுதுகிறேன். தெளிவாக எழுதியிருந்தேனே, வழமைபோல் ஏறட்டும் என்று. அதை நான் எழுதியதால்தான் நீங்கள் கேட்கவில்லை. வேறு எவன் எழுதியிருந்தாலும் கேட்டிருப்பீர்கள்.

ஒரு வழி இருக்கிறது. 21ஆம் தேதி வியாழக்கிழமை பின்னேரம் கிண்ணியாவில் ஒரு மண்டபத்தில் மக்களின் ஆட்சேபணையைக் கேட்கிறார்கள். அங்கே வந்து நடந்ததை ஒருவர் சொல்ல வேண்டும். நான் சொன்னால், லாபம் இருக்கிறது, அதனால் சொல்கிறான் என்பார்கள். லாபிர் மாஸ்டர் சொன்னால், யார் ஊரை மறித்தது என்று கேட்பார்கள். மறித்தவர்தான் வந்து சொல்ல வேண்டும். சொன்னால் திரும்ப எண்ணுவார்கள் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல ஏலாது.

கலீலுர் றஹ்மான்


குறிஞ்சாக்கேணி
15.08.2025

கலீலுக்கு,

மாஸ்டருக்கு இந்தக் கடிதத்தை எழுத விருப்பமே இல்லை. "சும்மா போன என்னை மூண்டு நாள் ட்ரக்டர்ல ஏத்தினது இதுக்குத்தானா?" என்று பேனையை மேசையில் போட்டுவிட்டார். இரண்டு தேத்தண்ணிக்குப் பிறகுதான் எடுத்தார். அவருக்குத் தெரிந்தது நாளைக்கு ஊருக்குத் தெரியும்.

நீ சொல்வது சரியாக இருக்கலாம். பொய்யாகவும் இருக்கலாம். நான் அங்கே எழும்பி, நான்தான் மறித்தேன் என்று சொன்னால், அதிகாரிகளை ஏமாற்றினான் என்று வழக்குப் போடுவார்களா? இராகுலனும் சேர்ந்து செய்தான் என்று அவனைத் தூக்குவார்களா? என் பெயரை எழுதுவார்களா? எழுதினால் எங்கே வைப்பார்கள்? இதற்கெல்லாம் எனக்குப் பதில் வேண்டும். உன்னிடம் பதில் இருக்காது என்றும் தெரியும்.

இன்னொன்று. இந்த ஊரில் பஸ் விஷயம் என்றால் என்னைத்தான் கேட்பார்கள். நான் ஏறாதே என்றேன், ஏறவில்லை. ஏன் என்று ஒருவர் கேட்கவில்லை. அவர்களின் முகத்துக்கு முன்னால் நின்று, என் புத்திதான் பிழைத்தது என்று சொல்லவா கூப்பிடுகிறாய்? இது உன் சந்தோஷத்துக்கா, பஸ்ஸுக்கா?

நேற்று நஸ்ரின் வேலையால் வந்து பையை வைத்துவிட்டு என் பக்கத்தில் இருந்தாள். "வாப்பா, டவுனில ஒரு அறை பாத்திருக்கிறன். பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போகப்போறன். நீங்களும் வாங்க" என்றாள். நான் எங்கே வருவது. ஆமினா இங்கே கிடக்கிறாள்.

"கூட்டத்துக்குப் போகச் சொல்லுறியா?" என்று கேட்டேன்.

"நான் சொல்ல மாட்டன். சொன்னா, கலீல் மாமா சொல்லித்தந்ததெண்டு சொல்லுவீங்க" என்றாள்.

என்னை அவ்வளவு அறிந்து வைத்திருக்கிறாள். பிறகு எழும்பிப் போய்ப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைகளை மடிக்கத் தொடங்கினாள். வழமையாக ராக்கையில் வைப்பவள், நேற்று ஒரு பெட்டிக்குள் வைத்தாள்.

நான் வருகிறேன் என்று இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. பார்த்துக்கொள்.

ஸைனுலாப்தீன்


திருகோணமலை
25.08.2025

மச்சான் அவர்களுக்கு,

ஸலாம். கூட்டம் முடிந்ததும் உங்களைத் தேடினேன். அதற்குள் போய்விட்டீர்கள். ட்ரக்டர் ஒன்றில் ஏறினதாகச் சொன்னார்கள்.

நீங்கள் வரமாட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். கூட்டம் பாதியில் இருந்தபோது பின்கதவால் வந்து, கதிரையில் இருக்காமல் சுவரோடு நின்றீர்கள். நிரோஷினி உங்கள் சந்தியின் பெயரைச் சொல்லி, "ஆக்கள் இல்லை எண்டுதான் எங்கட கணக்குச் சொல்லுது" என்றாள். அப்போது உங்கள் குரல்தான் கேட்டது.

"கணக்கு சரி பிள்ளை. பஸ்தான் பொய்."

அவளுக்கு விளங்கவில்லை. நீங்கள் விளங்கப்படுத்தினீர்கள். தயிர், மீன், பிள்ளைகள், கிளினிக் என்று ஒன்றும் விடாமல் சொன்னீர்கள். பின்னால் இருந்து ஒருவர் கத்தினார்: "இந்த மனிசன்ட கதையக் கேட்டு மூண்டு நாள் ட்ரக்டர்ல நாரி முறியப் போனனான்!" எல்லாரும் சிரித்தார்கள். மச்சான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் கை சுவரைப் பிடித்திருந்ததை நான் கண்டேன்.

"வழக்குப் போடுவியளா?" என்று கேட்டீர்கள்.

"வழக்கெல்லாம் இல்லை ஐயா. திரும்ப எண்ணுவம். அதுவரைக்கும் பஸ்ஸில கைவைக்க மாட்டம். ஆனா எப்ப எண்ணுவம் எண்டு இந்த முறை சொல்ல மாட்டம்."

"சொல்லாதேங்கோ. சொன்னா நாங்க பழுதாக்கிப் போடுவம்" என்றீர்கள்.

தேதியை வெளியே விட்டது யார் என்று அவள் கேட்டாள். நான் கையை உயர்த்தினேன். நீங்கள் அதற்குள் கதவால் இறங்கிவிட்டீர்கள். குழுவில் என்னை வைத்திருப்பார்களா என்று அடுத்த மாதம் தெரியும். இதை உங்கள் மேல் பழி போட எழுதவில்லை. சந்தியில் யாராவது சொல்லி, நீங்கள் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

கலீலுர் றஹ்மான்


குறிஞ்சாக்கேணி
03.10.2025

மச்சான் கலீலுர் றஹ்மானுக்கு,

ஸலாம். உன்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நீ கையை உயர்த்தியிருக்கத் தேவையில்லை. அவள் கேட்டபோது சும்மா இருந்திருந்தால் என்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். எனக்கு அது பழக்கம்.

செப்டம்பர் முழுக்க எங்களுக்கு நித்திரை இல்லை. எந்த நாள் எண்ணுவார்கள் என்று தெரியாததால் எல்லா நாளும் எண்ணுகிற நாள்தான். நான் தினமும் சந்தியில் நின்றேன். புது முகம் யார் ஏறினாலும் எண்ண வந்தவன் என்றே நினைத்தேன். ஒரு நாள் ஒருவன் பேனையும் கையுமாக ஏற, "ராசா, வடிவாப் பாத்து எண்ணு, பின்னுக்கும் ஆக்கள் நிக்கினம்" என்றேன். அவன் மருந்துக் கம்பனிக்காரன். பயந்து இறங்கி ஆட்டோவில் போய்விட்டான். உண்மையாக எண்ணினவன் எப்போது வந்தான், எப்படி இருந்தான் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பெண் கெட்டிக்காரி.

புது நேரசூசியை மாஸ்டர் வாசித்தார். காலை பஸ் எங்கள் சந்தியிலிருந்தே புறப்படும். அதோடு ஒரு பஸ் போதாது என்று, கிண்ணியாவில் நின்ற உன் பஸ்ஸையும் இங்கே கொண்டுவந்து அதற்குப் பின்னால் போட்டிருக்கிறார்கள். முன்னது பஸ் நிலையத்துக்கு, பின்னது ஆஸ்பத்திரி வாசலுக்கு. இதை முதலில் கேட்டபோது என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "பாத்தியா, கடைசியில அவன் நினைச்சதைச் செய்து போட்டான்." மாஸ்டர் என்னைப் பார்த்தார். நஸ்ரினும் பார்த்தாள். குழுவில் இல்லாதவன் எப்படிச் செய்வான் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டேன்.

நஸ்ரின் டவுன் அறைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பெட்டி திரும்ப அலுமாரிக்கு மேலே போயிற்று.

முதலாம் தேதியிலிருந்து அவள் உன் பஸ்ஸில்தான் போகிறாள். மூன்று நாளும் பின்னேரம் வந்ததும் கேட்டேன், டிக்கெட் எங்கே என்று. இல்லை என்றாள். உன் நடத்துநர் காசு வாங்க மாட்டேன் என்கிறானாம். "முதலாளிட மருமகளிட்ட ஆரும் காசு வாங்குவினமா?" என்று கேட்டானாம். அவளுக்கு அது பெருமை. எனக்கு அது பயம்.

நேற்றுச் சந்திக்கு ஜெயந்தன் என்று ஒரு பரிசோதகர் வந்தார். இனி ஆள் எண்ண ஒருவரும் வரமாட்டார்களாம், டிக்கெட்டை வைத்துத்தான் கணக்காம், அரசாங்க பஸ்ஸுக்கும் தனியாருக்கும் ஒரே சட்டமாம். நான் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். அப்படியென்றால் கணக்குப்படி இந்த மூன்று நாளும் என் பிள்ளை அந்த பஸ்ஸில் போகவில்லை. முதல் எண்ணினபோதும் அவள் இல்லை, என்னால். இப்போதும் இல்லை, உன்னால்.

இது கிடைத்த மறுநாளிலிருந்து அவள் ஏறும்போது காசை வாங்கி டிக்கெட் கொடுக்கச் சொல். மருமகள் என்று இளகாதே. அன்பு காட்ட விருப்பமென்றால் பஹ்மியாவையும் கூட்டிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வா, பகலைக்குச் சாப்பிடலாம். ஜும்ஆவுக்குப் பிறகு நானும் மையவாடிக்குப் போவேன். நீயும் வரலாம். பஸ்ஸில் மட்டும் அன்பு காட்டாதே.

உன்னை நம்பி இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே. அன்றைக்குப் பின்னேரமே டிக்கெட்டை அவளிடம் வாங்கிப் பார்ப்பேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு வாசிக்கத் தெரியாது. இருக்கிறதா இல்லையா என்று தெரியும்.

ஸைனுலாப்தீன்